ராமாத்தாளின் தாடையில் இரண்டு திருகுகள்

கோயம்புத்தூரில் நான் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை என் நோயாளி ஊரில் இல்லை. கடல் தாண்டி வந்திருக்கிறேன். நான் வரும் தேதியை அவருடைய மகன் ஈப்போவிலிருந்து தொலைபேசியில் சொல்லி, மறுபடியும் சொல்லி, உறுதியும் வாங்கியிருந்தார். ஊருக்குள் கணபதி என்ற பகுதியில் இருந்த மகள் சாந்தியோ, "அம்மா ஒரு நிச்சயத்துக்குப் போயிருச்சுங்க. வந்துரும்" என்று மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சிறுவாணித் தண்ணிங்க. குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். உண்மையிலேயே ருசியான தண்ணீர். ஆனால் கோபம் குறையவில்லை.

நான் மலேசியாவில், ஈப்போவில் பல் மருத்துவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். என் முன்னோர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால் கொங்கு நாட்டில் எனக்கு ஒரு பூனைக்குட்டியைக்கூடத் தெரியாது. ராமாத்தாளைத் தவிர. வெள்ளகோவில் பக்கம் தோட்டமும் தேங்காய்க் களமும் உள்ள குடும்பம். மருமகளின் பிரசவத்துக்காக ஈப்போ வந்தவர் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார். கீழ்ப்பல் ஒன்றுகூட இல்லை. கட்டிய பல்செட் பேசும்போது எழும்பி எழும்பி வரும். அவருடைய கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் டைட்டானியத்தில் செய்த இரண்டு திருகுகளை வைத்தேன். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொண்டபின் ஒவ்வொன்றின் மேலும் மிளகளவு ஒரு குமிழ்த்தலையை முடுக்கினேன். பல்செட்டின் அடியில் இரண்டு குழிகள். ரவிக்கையின் அழுத்துப் பொத்தான்போல வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அன்று மாலை முறுக்கு கடித்துக் காட்டினார். சந்தோஷமாக ஊர் திரும்பினார்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ராஜாமணி என்ற பல் மருத்துவர், ராமாத்தாளின் ஈறு வீங்கியதென்று எடுத்த ஓர் எக்ஸ்-ரே படத்தை எனக்கு அனுப்பினார். இடது திருகைச் சுற்றி எலும்பு நன்றாகவே நின்றிருந்தது. வலது திருகைச் சுற்றியோ தென்னம்பிள்ளைக்குக் குழி எடுத்ததுபோல எலும்பு கரைந்து, திருகின் பாதி உயரம் வரை வெறுமையாக நின்றது.

எனக்குத் தூக்கம் போனது. காரணம் ராமாத்தாள் மட்டுமல்ல. அது புது வடிவத் திருகு. பழையதை விட்டுவிட்டு அதற்கு மாறியபின் ஈப்போவில் எத்தனையோ பேர் தாடையில் அதையே வைத்திருக்கிறேன். குறை வடிவத்தில்தான் என்றால் அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். விற்ற கம்பெனியைக் கேட்டேன். வைத்தவர் கையில் பிழை இருக்கலாம் என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் திருகின் தலையைத் தன்னிஷ்டப்படி வெட்டுகிறது. இந்தத் திருகுக்குப் பொருந்தும் திருப்புளி ராஜாமணியிடம் இல்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நின்றேன். 'வந்துரும்' என்றால் எப்போது என்று சாந்தியிடம் கேட்டுக் களைத்து, நானே வெள்ளகோவிலுக்குப் போவதென்று முடிவு. கிளம்பத் தயாராக நின்ற வண்டியின் நடத்துநரிடம், "வெள்ளகோவில் போகுமா?" என்று கேட்டேன்.

"போலாமுங்க, ஏறுங்க."

போகலாம் என்பது வேறு, இந்த வண்டி போகும் என்பது வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வதில்லை. ஈப்போவில் சீன நடத்துநர் ஒரே ஒரு தலையாட்டலில் முடித்திருப்பார். மனம் கொஞ்சம் புண்படும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வோம்.

பாட்டுச் சத்தத்தில் பேருந்தின் தகரம் அதிர்ந்தது. பல்லடத்தில் பக்கத்து இருக்கை அம்மாள் நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தார்.

"ஏனுங்க அம்மணி, வெள்ளகோயிலுக்குங்களா? இது தாராபுரம் வண்டியல்லோ! எறங்குங்க, எறங்குங்க!"

பாதிப் பேருந்து எழுந்து எனக்கு வழிவிட்டது. ஒருவர் விசில் அடித்தார். ஒருவர் என் குடையை ஜன்னல் வழியாக நீட்டினார். இறங்கி, எல்லோருக்கும் நன்றி சொல்லி, வண்டி திரும்பி மறைந்த பிறகுதான் கை காலியாக இருப்பதைப் பார்த்தேன். பெட்டி வண்டிக்குள், மேல்தட்டில். திருப்புளி, மாற்றுக் குமிழ்கள், கருவிகள் எல்லாம் தாராபுரம் போய்க்கொண்டிருந்தன.

நடுத்தெருவில் உட்கார்ந்து அழலாம் என்றுதான் இருந்தது. அங்கிருந்த டீக்கடைக்காரர் தாராபுரம் நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்வதாக ஏற்றுக்கொண்டு, "வெள்ளகோயில் போயிட்டு வாங்க, பொட்டி எங்கயும் போவாது" என்று என்னை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். இந்த முறை ஏறும் முன் ஐந்தாறு பேரிடம் கேட்டேன்.

வெள்ளகோவிலில், களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருக்க, ராமாத்தாளின் கணவர் நாச்சிமுத்து எழுந்து நின்று கும்பிட்டார். ஒல்லியான மனிதர். அவசரம் என்பதையே அறியாதவர்.

"அவ தாராபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கறாளுங்க."

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அவரே விளக்கினார். கொங்குக் கல்யாணங்களில் சீர் என்கிற சடங்குகளை முன்னின்று நடத்த ஒரு மூத்த சுமங்கலி வேண்டும். அருமைக்காரி என்று பெயர். ராமாத்தாள் அருமைக்காரி. முகூர்த்த மாதம் வந்தால் வீட்டில் தங்க முடியாது. நேற்று ஓர் ஊர், இன்று ஓர் ஊர், வெள்ளிக்கிழமை காரமடையில்.

"தாடை எலும்பு கரைஞ்சுக்கிட்டிருக்கு, ஐயா" என்றேன். "இவங்க ஊர் ஊரா சுத்துறாங்க."

"ஆமாங்க. மொதல்ல உண்ணுங்க."

உண்ணாமல் அந்த வீட்டிலிருந்து வெளியேற முடியாது என்று புரிந்தது. அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறு, அதன் நடுவே குழி பறித்து நெய். எங்கள் நாட்டில் காலையில் சாப்பிடுவதை 'பசியாறுவது' என்போம். இங்கே பசியை ஆற்றுவதோடு நிறுத்துவதில்லை, அடித்து வீழ்த்துகிறார்கள். கோபத்தோடு சாப்பிட்டாலும் அந்தச் சோறு நன்றாகத்தான் இருந்தது. மறுசோறு வாங்கினேன்.

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து தாராபுரம் கிளம்பினேன். வெயில், கிளுவை முள்வேலி, வேலிக்குள் மேயும் மாடுகள், மீண்டும் வெயில். மத்தியானம் ஆனால் மழை கொட்டும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இந்த வறட்சி மூக்கில் எரிந்தது. தெரிந்த முகம் எதிரே வந்தால் நாச்சிமுத்து வண்டியை நிறுத்திவிடுவார். அவருக்குத் தெரியாத முகமே அந்தச் சாலையில் இல்லை. மூலனூருக்கு முன்னால் பின் சக்கரம் காற்றிழந்தது. பஞ்சர் ஒட்டும் கடைவரை அவர் வண்டியைத் தள்ள, நான் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"பையப் போலாமுங்க. கல்யாண ஊட்ல எப்புடியும் பந்தி இருக்கும்."

தாராபுரம் நிலையத்தில் என் பெட்டி பத்திரமாக இருந்தது. திறந்தும் இருந்தது. நேரக் காப்பாளர் மேசையில் செய்தித்தாளை விரித்து என் கருவிகளை வரிசையாக அடுக்கி, சுற்றி நின்ற கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க கடியாரம் ரிப்பேர் பண்றவிங்களா?"

"பல் டாக்டர்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. எல்லாவற்றையும் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். ஆனால் ஒன்றும் தொலைந்திருக்கவில்லை.

மண்டபத்தில் ராமாத்தாளைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. எல்லோரும் எந்தப் பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்களோ அந்தப் பக்கம் அவர் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"வந்துட்டயா கண்ணு! உண்டயா?"

"அம்மா, வாயைத் திறங்க."

பந்திச் சாமான்கள் வைத்திருந்த அறையில், அரிசி மூட்டையில் அவரை உட்கார வைத்து டார்ச் அடித்தேன். இடது குமிழ் நான் வைத்ததுதான். வலது குமிழைப் பார்த்ததும் டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். அது வேறு நிறம். கொஞ்சம் பெரிது. தலையில் ஒரு நேர்வெட்டு. சுற்றிலும் ஈறு சிவந்து வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது.

"இது நான் வச்சதில்லை."

"மாப்பள செஞ்சதுங்க" என்றார் ராமாத்தாள், பெருமையும் பயமும் கலந்த குரலில். "உன்றது காங்கயத்துக் கல்யாணத்துல கழண்டு போச்சு கண்ணு. ஒப்புட்டு திங்கறப்போ சேத்து முழுங்கிப்போட்டனோ என்னமோ. அடுத்த நாளும் ஒரு முகூர்த்தம். நாந்தான் மாப்பளகிட்டக் கெஞ்சுனேன்."

சாந்தியின் கணவர் செல்வராஜ் கணபதியில் லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகங்கள் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு ஒரே வீட்டில் இருந்து, காபி கொடுத்து, மலேசிய அரசியல்வரை பேசிய மனிதர் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை!

திறக்காததற்குக் காரணம் பயம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போய்க் கேட்டபோது அப்படித் தெரியவில்லை.

"நல்லா நிக்குதுங்களா?" என்றார் ஆவலாக. "பம்பு ஷாப்ட் செய்யற ஸ்டீலுங்க. துருவே புடிக்காது. உங்க கம்பெனித் திருகுல மரைச் சுத்து ஒரு தினுசு. கிட்டத்தட்டப் புடிச்சுப்போட்டேன். கொஞ்சூண்டு லூசு இருந்துதுங்க. அதுக்கு நூல் சுத்தி முடுக்கிட்டேன்."

"நூலா?"

"பருத்தி நூலுங்க. பம்புல தண்ணி கசியாம இருக்கச் சுத்துவமே, அதேதான். ஒரு சொட்டு லீக் ஆவாது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "வாய் பம்ப் இல்லீங்க!"

"தண்ணி போயி வந்துட்டுத்தானுங்க இருக்குது."

லேத் ஓடும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி விளக்கினேன். எலும்பும் டைட்டானியமும் ஒட்டி வாழும். ஆனால் திருகின் மேல் தலை உட்காரும் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கிருமி குடியேறும். கிருமி இருக்கும் இடத்தை விட்டு எலும்பு ஒதுங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல். வலித்தாலாவது ஓடி வருவார்கள். அந்த இணைப்பில் நீங்கள் ஈரம் குடிக்கிற பருத்தி நூலைச் சுற்றி அடைத்திருக்கிறீர்கள்.

அவர் லேத்தை நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப உங்க பழைய தலை எதுக்குங்க தானாக் கழண்டுச்சு? அதிர்ற எடத்துல ஒத்த முடுக்கு நிக்காதுங்க. ஒரு லாக் வேணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. அந்த வடிவத்தின் பலவீனமே அதுதான். தலை உட்காரும் மேடை குட்டை. மெல்லும்போது பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். எங்கள் மாநாடுகளில் இதை வைத்துத்தான் சண்டை போடுகிறோம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடுக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். யாரிடம் முடுக்குவது, எந்தத் திருப்புளியால் என்பதை, கடலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்ன நானும் யோசித்திருக்கவில்லை.

அன்று மாலை சாந்தியின் வீட்டில், அறுவை சிகிச்சை நாளைக்கே, புதன்கிழமை என்றேன். தாராபுரத்திலிருந்து கணவரையும் கூட்டிக்கொண்டு என்னோடு வந்திருந்த ராமாத்தாள் முடியாது என்றார். வெள்ளிக்கிழமை காரமடைக் கல்யாணம். அறுவை செய்தால் அந்த இடத்தில் பல்செட் அழுத்தவே கூடாது, புண் ஆறும்வரை கீழ்ப்பல் இல்லாமல்தான் இருக்க வேண்டும்.

"கல்யாணம் முடியட்டும் கண்ணு."

"இப்படியே எத்தனை கல்யாணம் முடிஞ்சிருக்கு? இன்னும் கொஞ்ச நாள் போனா திருகு மட்டுமில்ல, தாடையே பலம் இல்லாமப் போயிரும்."

சாந்தி உள்ளே போனதும் ராமாத்தாள் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பல்லில்லாத வாயில நல்ல வார்த்தை சொன்னா வெளங்குமா? எல்லாம் நெறைஞ்சவதான் இதைச் செய்யோணும். ஓட்ட வாயோட போயி நின்னா, அந்தப் புள்ளைக்கு நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னத்தான சொல்லுவாங்க?"

மூன்று நாட்களாக அவரைத் துரத்தி அலைந்த ஆத்திரமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் எங்கோ போய்விட்டது. பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பயம். நாச்சிமுத்துதான் பேசினார்.

"நாப்பது வருசமா உன்ற வார்த்தையக் கேக்கறேன். பல்லு இருந்தப்பவும் இல்லாதப்பவும் கேட்டிருக்கறேன். பலிக்காமப் போனதில்ல. படுத்துக்க."

கடைசியில் நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை நானும் காரமடைக்கு வந்து அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ராஜாமணியின் மருத்துவமனையில் புதன்கிழமை வேலையைத் தொடங்கினோம். கடல் தாண்டி நான் கொண்டுவந்த திருப்புளி செல்வராஜின் குமிழில் நுழையவில்லை! அவர் தன் பட்டறைத் திருப்புளியைக் கொண்டுவந்தார். ராஜாமணி அதைக் கிருமி நீக்கும் நீராவிக் கலத்தில் போட்டு எடுத்துக் கொடுத்தார். மெல்லத் திருகினேன். குமிழ் வெளியே வந்தது. அதன் மரையில் கறுத்துப்போன நூல். அறையில் எழுந்த நாற்றத்தில் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார். "எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரில்கூட இவ்வளவு அழுக்கு இல்லை" என்றாராம். ராஜாமணி பிறகு பெயர்த்துச் சொன்னார்.

ஈறைத் திறந்து திருகைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று சத்தம் வந்தது. மிச்சமிருந்த பாதி எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. பிடுங்க வேண்டியதில்லை. வெறுமையாக நின்ற மரைகளைச் சுத்தம் செய்து, குழியைக் கழுவி, தலை எதுவும் வைக்காமல் ஈறை மூடித் தைத்தேன். இடது பக்கத்தையும் பார்த்தேன். நூலும் இல்லை, பட்டறையும் இல்லை. ஆனால் என் குமிழ் அங்கேயும் லேசாகத் தளர்ந்திருந்தது. எலும்பும், எக்ஸ்-ரேயில் தெரியாத அளவுக்கு, முதல் மரைக்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருந்தது. பழியைச் செல்வராஜ் ஒருவர் தலையில் வைத்துவிட்டு விமானம் ஏற முடியாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அவர் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று சாந்தி சொன்னாள். ராமாத்தாள் வாயில் பஞ்சோடு வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாப்பள உண்டாச்சுங்களா?" செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போ திரும்பியதும் அந்தத் திருகு வைத்த எல்லோரையும் கூப்பிட்டேன். பலருக்குத் தலை தளர்ந்திருந்தது. முடுக்கினேன். எலும்பு இறங்கத் தொடங்கியவர்களைத் தனியாகக் கவனித்தேன். கம்பெனிக்குப் படங்களோடு எல்லாவற்றையும் அனுப்பினேன். மரியாதையான பதில் மறுபடி வந்தது. நான் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டேன். திருப்புளி ஒன்றையும் மாற்றுக் குமிழ்களையும் ராஜாமணியிடமே விட்டு வந்திருந்தேன்; புண் ஆறியபின் அவரே வலது பக்கத்துக்கும் ஒன்றை முடுக்கினார். ராமாத்தாள் முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவரிடம் ஒழுங்காகப் போகிறார். அடுத்த எக்ஸ்-ரேயில் கரைந்த எலும்பு திரும்ப வளர்ந்திருக்கவில்லை. ஆனால் கரைவது நின்றிருந்தது. என் தொழிலில் அதற்கே நன்றி சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி வெள்ளிக்கிழமை. காரமடை மண்டபத்தில் சாந்தியின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்து, ராமாத்தாளின் பக்கத்தில் நின்றேன். அவர் கன்னம் வீங்கியிருந்தது. முதலில் தலைப்பை வாயை விட்டு எடுக்கவே இல்லை. சீர் தொடங்கியபோது இரண்டு கையும் வேண்டியிருந்ததால் தலைப்பு தானாக விழுந்தது. மணப்பெண் குனிந்தாள். ராமாத்தாள் அவள் தலையில் கை வைத்துச் சொன்னதில் பாதி காற்றாகப் போனது. பெண் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். ராமாத்தாள் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அதையே மறுபடி, மெதுவாகச் சொன்னார். பெண் தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சோதனை. பல் டாக்டர் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. இலையில் சோறு விழுந்த நேரத்தில் ஒரு பெண்மணி வந்து, "ஏனுங்க, இதச் சித்தப் பாருங்க" என்று வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே. ரசம் ஆறியது. அப்பளம் நமுத்தது. சட்டினி இலையில் ஓடிக் கலந்தது. சுற்றிலும் கடைவாய்கள், சொத்தைகள், ஆடும் பற்கள். மறுக்கத் தெரியாத ஊரில் நானும் மறுக்கத் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ராமாத்தாள் என்னைப் பார்த்தார். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து, "அந்தப் புள்ளைய உண்ண உடுங்க!" என்று அதட்டினார். கீழ்ப்பல் இல்லாத வாயிலிருந்து அது வெறும் காற்றாகவும் எச்சிலாகவும்தான் வந்தது. ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

என்னைச் சுற்றித் திறந்திருந்த வாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.